உச்சி மாடிக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்

கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் நேரடி விமானம் இருக்கிறது. கொங்கு நாட்டுக் குடும்பங்கள் பலவற்றின் முதல் வெளிநாட்டுப் பயணம் இந்த இரண்டு வாசல்களில் ஒன்றின் வழியாகத்தான் நடக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர், ஈரோட்டில் ஜவுளிக் கடை நடத்துபவர், துபாயில் இருக்கும் பேரனைப் பார்க்கப் புறப்படும் பொள்ளாச்சித் தாத்தா பாட்டி என்று யாராக இருந்தாலும், கிளம்புவதற்கு முன் ஒரே அறிவுரைதான் காதில் விழுகிறது. "போறதே ஒருக்கா. இருக்கறதுலயே ஒசரமான கட்டடத்துல, இருக்கறதுலயே ஒசரமான மாடிக்கு டிக்கெட் போட்ருங்க." டிராவல்ஸ்காரர் இதைச் சொல்கிறார். முன்பே போய் வந்த சம்பந்தி சொல்கிறார். சுற்றுலா நோட்டீஸிலும் மாடியின் எண்தான் பெரிய எழுத்தில் அச்சாகிறது.

இந்த அறிவுரை தவறு. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. ஒரு பெருநகரத்தை மேலே ஏறி நின்று முழுதாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மிக நல்ல ஆசை. கீழே தெருத்தெருவாகச் சுற்றினாலும் பிடிபடாத ஊரின் அமைப்பு மேலிருந்து பார்க்கும்போது ஒரு நொடியில் பிடிபட்டுவிடும். அதனால்தான் எங்கே ஏறுவது என்ற முடிவை மீட்டர் கணக்கிடம் ஒப்படைக்கக் கூடாது என்கிறேன். அங்கிருந்து என்ன தெரியும், எவ்வளவு தெளிவாகத் தெரியும், எவ்வளவு நேரம் நின்று பார்க்க விடுவார்கள் என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். உயரம் இவற்றுக்குப் பின்னால் வர வேண்டியது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் பிறந்தவர்களுக்கு இது புதுப் பாடம் இல்லை. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். நீலகிரியில் அதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது. ஊட்டிக்கு முதல்முறை வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் போகிறார்கள். பாதி நாட்கள் மேகம் மூடியிருக்கிறது. மூடாத நாளிலும் சுற்றிலும் உருண்ட மலைமுதுகுகள்தான் பெரும்பாலும் கண்ணில் படுகின்றன. கோத்தகிரியைத் தாண்டிப் போனால் வரும் கோடநாடு காட்சிமுனை அதைவிடப் பல நூறு மீட்டர் தாழ்வானது. ஆனால் அந்தக் கம்பித் தடுப்பருகே நின்றால் கீழே பள்ளத்தாக்கில் வளைந்து ஓடும் மாயாறு தெரியும். காட்டுக்கு நடுவே தெங்குமரஹாடாவின் வயல்கள் தெரியும். அப்பால் பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்பு, ஒரு பக்கத்தில் ரங்கசாமி மலை. குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் லேம்ப்ஸ் ராக் இன்னும் தாழ்வு. அங்கிருந்து மேட்டுப்பாளையத்தில் தொடங்கி நம்முடைய சமவெளி முழுவதும் விரிந்து கிடப்பதைப் பார்க்கலாம். ஊட்டிக்கு அடிக்கடி போகிற கோவைக்காரர் வெளியூர் விருந்தாளியை எங்கே அழைத்துப் போவார்? கோடநாட்டுக்குத்தான். காரணம், கோடநாடு மலையின் விளிம்பில் இருக்கிறது. விளிம்பில் நிற்பவனுக்குத் தெரிவது நடு உச்சியில் நிற்பவனுக்குத் தெரியாது. உள்ளூரில் இவ்வளவு தெளிவாக அறிந்த ஒன்றை விமானம் ஏறியதும் நாம் ஏன் விட்டுவிடுகிறோம் என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

உயரத்துக்காக வாதாடுகிறவர்கள் முதலில் சொல்வது, ஏற ஏற அதிக தூரம் தெரியும் என்பது. தெரியும்தான். ஆனால் எவ்வளவு அதிகம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பூமி உருண்டை. அதனால் தொடுவானம் எவ்வளவு தள்ளிப் போகும் என்பது உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. தூரத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு உயரம் ஏற வேண்டும். துபாய் புர்ஜ் கலீஃபாவின் 124வது மாடிப் பார்வைத் தளம் 452 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று துளியும் மாசில்லாமல் இருந்தால் அங்கிருந்து ஏறத்தாழ 76 கிலோமீட்டர் தெரியும். அதற்கும் மேலே 148வது மாடித் தளம், 555 மீட்டர். அங்கிருந்து 84 கிலோமீட்டர். நம் ஊர் நிலத்தில் வைத்துப் பார்த்தால், கோவையில் நிற்பவருக்கு முதல் தளத்திலிருந்து பெருந்துறை வரை தெரிகிறது. இன்னும் நூறு மீட்டர் ஏறியதில் பெருந்துறையைத் தாண்டிச் சில கிலோமீட்டர் கூடுகிறது. இந்தச் சில கிலோமீட்டருக்கு இரண்டு மடங்குக்கும் மேல் கட்டணம். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது சிறிய தொகை இல்லை.

அதுவும் காற்று மாசில்லாமல் இருந்தால். துபாயில் பாலைவனத் தூசியும் கடலின் ஈரப்பதமும் சேர்ந்து ஆண்டின் பெரும்பகுதி தொடுவானத்தை மங்கடிக்கின்றன. கோடையில் இருபது கிலோமீட்டர் தாண்டித் தெளிவாகத் தெரிந்தாலே நல்ல நாள். தொடுவானம் 76இல் இருந்தால் என்ன, 84இல் இருந்தால் என்ன, இரண்டும் வெண்புகைக்குள்தான் இருக்கின்றன. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் சில ஆண்டுகளில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சுமத்ராவின் காட்டுத்தீப் புகை வந்து கவிகிறது. தூரம் தெரியும் என்ற வாக்குறுதியை நம்பிப் பணம் கொடுப்பவர் வாங்குவது பெரும்பாலும் வெள்ளைத் திரையைத்தான்.

தூரத்தில் கிடைக்கும் இந்தச் சொற்ப லாபத்துக்குக் கைமாறாக அருகில் இருப்பதை இழக்கிறோம். 555 மீட்டரிலிருந்து நேர் கீழே பார்த்தால், சாலையில் போகும் கார், கையை நீட்டிப் பிடித்த ஓர் அரிசிமணி அளவுதான் தெரியும். மனிதர் வெறும் புள்ளிதான். 150 மீட்டரிலிருந்து பார்த்தால் அதே கார் புளியங்கொட்டையைவிடப் பெரிதாகத் தெரியும். கடை வாசல் தெரியும், சாலையைக் கடக்கக் காத்து நிற்கும் கூட்டம் தெரியும், மொட்டைமாடியில் உலரும் துணி தெரியும். டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் யான் கேல், நகரங்களை மனிதரின் கண்ணையும் காலையும் அளவுகோலாக வைத்துத் திட்டமிட வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் எழுதியவர். ஐந்தாம் மாடிக்கு மேல் போய்விட்டால் தெருவோடு இருக்கும் உறவு அறுந்துவிடுகிறது என்பது அவர் கருத்து. பார்வைத் தளம் ஐந்து மாடியில் இருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அறுந்த உறவை மேலும் நானூறு மீட்டர் இழுத்துக்கொண்டு போய்த்தான் ஆக வேண்டும் என்று என்ன கட்டாயம்? ஊர் என்றால் அதன் மக்கள் புழங்கும் இடம். அவர்கள் புழங்குவது கண்ணுக்குப் படும் உயரத்தில் நின்றால்தான் ஊரைப் பார்த்ததாக அர்த்தம்.

இன்னொரு குறை, இத்தனை எளிதாக இருந்தும் டிக்கெட் வரிசையில் நிற்கும்போது யாருக்கும் தோன்றுவதில்லை. எந்த ஊரிலும் அதன் அடையாளமான கட்டடத்தின் மேலிருந்து பார்த்தால் அந்தக் கட்டடம் தெரியாது. புர்ஜ் கலீஃபா இல்லாத துபாய், இரட்டைக் கோபுரம் இல்லாத கோலாலம்பூர், எம்பயர் ஸ்டேட் இல்லாத நியூயார்க் என்று, ஊரின் முகத்தை எடுத்துவிட்டு மீதியைப் பார்க்கத்தான் அதிகமாகப் பணம் கட்டுகிறோம்.

இதற்கு மாற்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. துபாயின் ஸபீல் பூங்காவில் 2018 ஜனவரியில் திறந்த துபாய் ஃபிரேம் என்ற மாபெரும் சட்டம் 150 மீட்டர்தான். தொடுவானக் கணக்கில் அது கோவையிலிருந்து திருப்பூர் வரை. ஆனால் அது நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். ஒரு பக்கம் பழைய துபாய். தமிழரும் மலையாளிகளும் நிறைந்த கராமா காலடியில் இருக்கிறது, அதற்கப்பால் தேரா. மறுபக்கம் ஷேக் சயீத் சாலையின் கண்ணாடிக் கோபுரங்கள், அவற்றுக்கு நடுவே புர்ஜ் கலீஃபா முழு உருவத்தோடு. மீன்பிடித் துறையாகவும் முத்துக் குளிக்கும் ஊராகவும் இருந்த ஒன்று எப்படி இன்றைய துபாய் ஆனது என்பதை அந்தச் சட்டத்துக்குள் இப்படியும் அப்படியும் நான்கு அடி நடந்தால் பார்த்துவிடலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் குடியிருக்கும் தெரு எது, வேலைக்குப் போகும் கோபுரம் எது என்று தாய் தகப்பன் கைநீட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த நகரத்தில் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. கட்டணமும் புர்ஜ் கலீஃபாவில் வாங்குவதில் ஒரு சிறு பங்கு.

கடலை நிரப்பிப் பேரீச்சை மர வடிவில் எழுப்பிய பாம் ஜுமைராவைப் பார்க்க வேண்டும் என்பது பலரின் ஆசை. அது புர்ஜ் கலீஃபாவிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கும் அப்பால், பக்கவாட்டில், பெரும்பாலும் தூசிக்குள் இருக்கிறது. அந்தத் தீவிலேயே உள்ள பாம் டவரின் 52வது மாடிப் பார்வைத் தளம் 240 மீட்டர். புர்ஜ் கலீஃபாவின் உச்சித் தளத்தில் பாதிகூட இல்லை. மரத்தின் தண்டும் ஓலைகளும் விரிந்திருப்பது அங்கிருந்துதான் தெரியும். எது எங்கே இருக்கிறது என்ற அறிவு உயரத்தை வென்றுவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கோலாலம்பூருக்குப் போவோம். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் 452 மீட்டர். நுழைவுச்சீட்டு வாங்கியவர்களை நேரம் குறித்து, குழு குழுவாக, 41வது மாடியின் இணைப்புப் பாலத்துக்கும் பிறகு 86வது மாடிக்கும் அழைத்துப் போகிறார்கள். ஒவ்வொன்றிலும் நிற்க விடுவது சில நிமிடங்கள். ஊர்ப் பெயர்கள் மனதில் ஒட்டுவதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். புக்கிட் நானாஸ் குன்றின் மேல் நிற்கும் கே.எல். டவரின் பார்வைத் தளம் 276 மீட்டர். அங்கே நின்றால் இரட்டைக் கோபுரம் எதிரே முழுதாக நிற்கும். கோலாலம்பூரின் படம் என்று நாம் மனதில் வைத்திருப்பது கே.எல். டவர் காட்டும் படத்தைத்தான். பெட்ரோனாஸ் மாடியில் நின்று அதை எடுக்க வழியில்லை.

சிங்கப்பூரில் மெரினா பே சாண்ட்ஸின் 57வது மாடிக்குப் போகாமல் யாரும் திரும்புவதில்லை. மூன்று கோபுரங்களின் தலையில் படகை வைத்ததுபோல் இருக்கும் அந்த உருவம்தான் இன்று சிங்கப்பூரின் அடையாளம். படகுக்குள் ஏறிவிட்டால் படகு தெரியாது. நான் பரிந்துரைப்பது பினாக்கிள் டக்ஸ்டன். அரசு வீட்டு வசதி வாரியம் கட்டி 2009இல் முடித்த ஏழு அடுக்குமாடிகள், ஒவ்வொன்றும் 50 மாடி, அவற்றின் உச்சியை இணைக்கும் நீண்ட பாலம். வெளியாட்கள் ஆறு வெள்ளி கொடுத்து மேலே போகலாம். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு இருப்பதால் நெரிசல் கிடையாது. கீழே சைனாடவுனின் பழைய ஓட்டுக்கூரைகள், ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் வங்கிக் கோபுரங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, நிற்கும் கட்டடமே மக்கள் குடியிருக்கும் வீடு. சிங்கப்பூர் மக்களில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேர் வாரிய வீடுகளில்தான் வாழ்கிறார்கள். ஹோட்டலின் மொட்டைமாடியில் நின்று அந்த நாட்டைப் புரிந்துகொள்வதற்கும், அந்த நாட்டின் சாதாரண மக்கள் துணி உலர்த்தும் கட்டடத்தின் மேல் நின்று புரிந்துகொள்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பணமே செலவழிக்க விருப்பமில்லாதவர்களுக்கு, ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் கேபிட்டா ஸ்பிரிங் கட்டடத்தின் 51வது மாடித் தோட்டம் இலவசம்.

இலவசம் என்றதும் நம்மவர்களில் பலருக்கு ஒரு சந்தேகம் வருகிறது. "சும்மா வுடறாங்கன்னா அங்க என்ன இருந்துடப் போகுதுங்க?" இந்தச் சந்தேகத்தை மூட்டை கட்டி வைக்க வேண்டும். டோக்கியோ மாநகர அரசு அலுவலகத்தின் 45வது மாடி, 202 மீட்டர் உயரத்தில், எல்லாருக்கும் இலவசம். வானம் தெளிந்திருந்தால் ஃபியூஜி மலை தெரியும். அதே ஊரில் 634 மீட்டர் ஸ்கை ட்ரீ கோபுரத்துக்குக் கட்டணம் கட்டிப் போகிறவர்கள் நகரத்தின் மறு ஓரத்திலிருந்து பார்க்கிறார்கள். லண்டனில் 20 ஃபென்சர்ச் தெருக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் ஸ்கை கார்டன் இலவசம், முன்பதிவு மட்டும் செய்ய வேண்டும். தேம்ஸ் நதிக்கு அப்பால் நிற்கும் ஷார்ட் கட்டடம் அங்கிருந்து முழுதாகத் தெரிகிறது. மக்கள் தங்கள் ஊரைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத் திறந்து வைத்த இடங்கள் இவை. கட்டணம் வாங்கவில்லை என்பதற்காக அவற்றின் காட்சி குறைந்துவிடாது.

நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் சென்டரின் 70வது மாடி, எம்பயர் ஸ்டேட்டின் தளத்தைவிடத் தாழ்வு; ஆனால் ஒரு பக்கம் சென்ட்ரல் பார்க் முழுவதும், மறுபக்கம் எம்பயர் ஸ்டேட்டும் அங்கிருந்தே. பாரிஸின் ஐஃபல் கோபுரத்தில் மூன்று தளங்கள் உண்டு: 57, 116, 276 மீட்டர். பலமுறை ஏறியவர்கள் சொல்வது இரண்டாம் தளத்தைத்தான். மூன்றாம் தளத்தில் நினைவுச் சின்னங்கள் எல்லாம் தரையோடு தரையாகப் படிந்துவிடுகின்றன. நம் சென்னையையே பாருங்கள். மெரினா கலங்கரை விளக்கம் ஐம்பது மீட்டருக்கும் குறைவான கோபுரம். 2013இல் மக்களுக்கு மீண்டும் திறந்தார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சாந்தோம், மயிலாப்பூர், வடக்கே கடற்கரை நீண்டு போவது எல்லாம் அந்தச் சின்ன உயரத்திலேயே கிடைக்கிறது, சில ரூபாய்களுக்கு. அண்ணா நகர் பூங்காக் கோபுரம் 1968இல் கட்டியது, 135 அடி. பத்தாண்டுக்கும் மேல் பூட்டிக் கிடந்து 2023இல் திறந்தபோது அண்ணா நகர்க்காரர்கள் குழந்தைகளோடு போய்த் தங்கள் தெருவைத் தேடினார்கள். உலகின் எந்த உச்சி மாடியும் அவர்களுக்கு அதைத் தந்திருக்காது.

இப்போது எதிர்த் தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். "காட்சி கெடக்கட்டும்ங்க. உலகத்துலயே ஒசரமான கட்டடத்துல நின்னோம்ங்கற நெனப்பே போதும்." இதை நான் அலட்சியமாகத் தள்ள மாட்டேன். கட்டடக் கலை படிக்கும் மகளுக்கும், லிஃப்ட் எப்படி நொடிக்குப் பத்து மீட்டர் ஏறுகிறது என்று அறியத் துடிக்கும் இன்ஜினியருக்கும், பல ஆண்டுகள் அதையே கனவு கண்ட சிறுவனுக்கும் புர்ஜ் கலீஃபாவில் ஏறுவது நியாயமான ஆசை, அவர்கள் போகட்டும். ஆனால் அவர்கள் வாங்குவது கட்டடத்தின் அனுபவம், நகரத்தின் காட்சி வேறு. இரண்டையும் ஒன்றாக்கி எல்லாருக்கும் விற்பதுதான் தவறு. மேலும் 'உலகத்திலேயே உயரம்' என்ற பட்டம் நிலைக்காத பட்டம். பெட்ரோனாஸ் அதை 1998இல் பெற்றது, 2004இல் தைபே 101இடம் இழந்தது. தைபே 2010இல் புர்ஜ் கலீஃபாவிடம் இழந்தது. இப்போது சவூதியில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உயர்வதாகத் திட்டமிட்ட ஜெத்தா கோபுரம் எழுந்துகொண்டிருக்கிறது. 1959இல் சென்னை மவுண்ட் ரோட்டில் எழுந்த எல்.ஐ.சி. கட்டடம் அப்போது இந்தியாவிலேயே உயர்ந்தது. கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வந்து அதைப் பார்த்துப் போனார்கள். இன்று அது சுற்றியுள்ள கட்டடங்களுக்குள் ஒன்று. பட்டத்துக்காக ஏறியவரிடம் பட்டம் கைமாறிய பிறகு ஒரு எண் மட்டும் மிஞ்சும். ஊரை அறிந்துகொள்ள ஏறியவரிடம் ஊர் மிஞ்சும்.

புகைப்படத்துக்காகத்தான் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புர்ஜ் கலீஃபாவோடு நிற்கும் படம் வேண்டுமென்றால் அதன் அடிவாரத்து நீரூற்றுக் கரையில் நின்று எடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

உயரத்தைவிட முக்கியமான இன்னொன்று வெளிச்சம். மருதமலைக்குப் போய் வருகிற கோவைக்காரர்களுக்கு இது தெரியும். மலை நகரத்துக்கு மேற்கே இருக்கிறது, நகரம் கிழக்கே விரிகிறது. காலையில் போனால் எதிர்வெயிலில் கண் கூசும், ஊர் வெறும் புகைமூட்டமாகத் தெரியும். மாலையில் சூரியன் முதுகுப்பக்கம் இறங்கும்போது அந்த வெளிச்சம் வடவள்ளி, பாரதியார் பல்கலைக்கழக வளாகம், அப்பால் நகரத்தின் கட்டடங்கள் என்று ஒவ்வொன்றாகத் துலக்கிக் காட்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஒரு மழை பெய்து ஓய்ந்த மாலையில் போனால் இன்னும் சிறப்பு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூசியை அடித்துக்கொண்டு போயிருக்கும்; குளங்களின் நீர் எங்கெங்கே மின்னுகிறது என்று தேடலாம். துபாயிலும் இதே விதிதான். மாலை வேளை டிக்கெட்டுக்கு அங்கே கூடுதல் கட்டணம். ஆனால் உயர்ந்த தளத்துக்கு நடுப்பகல் டிக்கெட் எடுப்பதைவிடத் தாழ்ந்த தளத்துக்கு மாலை டிக்கெட் எடுப்பது எவ்வளவோ மேல். பணத்தை நேரத்துக்குக் கொடுங்கள், மாடிக்குக் கொடுக்காதீர்கள்.

இந்த மண்ணை அன்று அளந்தவர்களும் இப்படித்தான் யோசித்தார்கள். வில்லியம் லாம்டன் 1802இல் பரங்கிமலை அருகே தன் முதல் அளவைக் கோட்டை அளந்து, அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தென்னாடு முழுவதையும் அளந்துகொண்டு போனார். குன்றுகளிலும் கோவில் கோபுரங்களிலும் கருவியை ஏற்றினார். ஒரு முனை பயன்பட வேண்டுமென்றால் அங்கிருந்து அடுத்த முனைகள் தெரிய வேண்டும். தெரியாத சிகரம் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அவருக்கு உதவாது. தட்டையான காவிரிப் படுகையில் குன்று இல்லாததால் 1808இல் தஞ்சைக் கோவில் விமானத்தின்மீது கருவியை ஏற்றப் பார்த்தார்கள். ஏற்றும்போதே கருவி சுவரில் மோதி நசுங்கிவிட்டது. அப்படிப்பட்ட ஆபத்துக்கும் துணிந்தது, ஒன்றிலிருந்து மற்றொன்று தெரிய வேண்டும் என்பதற்காக. திருச்செங்கோட்டு மலையில் நின்று சங்ககிரி துர்க்கத்தைப் பார்க்கிறவர், சென்னிமலையிலும் சிவன்மலையிலும் நின்று சுற்றியுள்ள குன்றுகளைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுகிறவர் எல்லாருமே இந்த அறிவைக் கையாள்கிறார்கள். மேலே நிற்பதன் பயனே இதுதான். எது எங்கே இருக்கிறது, எது எதற்குப் பக்கம், ஆறு எந்த வழியாக வருகிறது, ஊர் எந்தப் பக்கம் வளர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது.

இதே மயக்கம் இப்போது ஊருக்குள்ளும் வந்திருக்கிறது. அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீளமுள்ள ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தாகிவிட்டது, இனி கோவைக்கும் ஒரு பெரிய கண்ணாடிக் கோபுரம் வேண்டும், உச்சியில் பார்வைத் தளம் வேண்டும் என்ற பேச்சு ஆங்காங்கே கேட்கிறது. 'கோவைய மேல இருந்து பார்க்க ஒரு இடம் இல்லையே' என்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டர் உயரத்தில், மூன்று பக்கம் மலையோடு இருக்கும் ஊரைப் பற்றி இப்படிச் சொல்வது எனக்கு வேதனையாக இருக்கிறது. விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் அருகில் இருப்பதால் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு என்பது ஒருபுறம். கட்டுப்பாடே இல்லாவிட்டாலும், மருதமலைப் படிக்கட்டுத் திருப்பத்தில் கிடைக்கும் காட்சியை எந்தக் கண்ணாடிக் கோபுரமும் மிஞ்சப் போவதில்லை.

மருதமலை மட்டும் இல்லை. பெரிய தடாகம் பக்கம் அனுவாவி மலையில் ஏறிப் பாருங்கள். தடாகம் பள்ளத்தாக்கு காலடியில் கிடக்கும். பசுமைக்கு நடுவே செம்மண் வெட்டிய பெரும்பள்ளங்கள் தெரியும். பல ஆண்டுகள் அங்கே செங்கல் சூளைகள் ஓடின. மண் கொள்ளைக்கு எதிராக மக்கள் போராடினார்கள், வழக்காடினார்கள். 2021இல் சூளைகள் மூடப்பட்டன. நம் நகரத்தின் வீடுகள் எந்த மண்ணைத் தின்று எழுந்தன என்பதை அந்தப் படிக்கட்டு காட்டிக்கொடுக்கிறது. காரில் கீழ்ச்சாலையில் போகிறவருக்கு அது தெரியாது. முந்நூறு மீட்டர் உயரத்தில் நகரின் நடுவே நிற்கும் கோபுரத்திலிருந்தும் தெரியாது. சரியான இடத்தில், போதுமான உயரத்தில் நிற்பவருக்கு மட்டுமே தெரியும். நொய்யலின் குளங்களும் அப்படித்தான். கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர் என்று நொய்யலின் நீரால் ஒன்றோடொன்று இணைந்த தொடர் அது. தனித்தனியாகக் கரையில் நடந்தால் எட்டுக் குளமும் எட்டு இடங்கள். மேற்குமலையில் நின்று கீழே பார்க்கும்போதுதான் அது ஒரே நீர்வழி என்று புரியும். கோவையில் வளரும் ஒவ்வொரு பிள்ளையும் பத்து வயதுக்குள் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

குறை இருப்பது உயரத்தில் இல்லை. நம் மலைகளில் ஏறி நிற்கிறவருக்கு எதிரே தெரிவது என்ன என்று சொல்லித்தர ஒரு பலகை கிடையாது. உலகின் நல்ல பார்வைத் தளங்கள் எல்லாவற்றிலும், தடுப்புக் கம்பியின் மேல் அந்தத் திசையின் வரைபடம் பதித்திருப்பார்கள். இது இந்த மலை, இது இந்த ஆறு, இத்தனை கிலோமீட்டர் என்று. அது செலவு பிடிக்கும் வேலை இல்லை. மருதமலையில் பக்தர்கள் மூச்சு வாங்க நிற்கும் திருப்பங்களில் இரண்டு பெஞ்சும், குளங்களையும் நொய்யலையும் நகரத்தின் பகுதிகளையும் பெயரோடு காட்டும் ஒரு பலகையும் வைத்தால் போதும். அறநிலையத் துறையும் மாநகராட்சியும் சேர்ந்து சில மாதங்களில் செய்துவிடலாம். அனுவாவி, சென்னிமலை, சிவன்மலை, திருச்செங்கோடு என்று அதே போல் ஒவ்வொன்றாகச் செய்யலாம். கோபுரம் கேட்டு மனுப் போடுகிறவர்கள் முதலில் இதைக் கேட்கட்டும்.

வெளியூர்ப் பயணத்துக்கு டிக்கெட் போட உட்காருகிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். மாடி எண்ணைப் பார்ப்பதற்கு முன் அந்த ஊரின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்க விரும்பும் ஆறு, துறைமுகம், பழைய ஊர், பிள்ளைகள் குடியிருக்கும் தெரு எங்கே இருக்கின்றன என்று குறியுங்கள். அவற்றுக்கு அருகில், அவற்றைப் பார்த்தபடி எந்தத் தளம் இருக்கிறதோ அதற்கு, மாலை நேரத்துக்கு, அவசரப்படுத்தாமல் நிற்க விடுவார்களா என்று விசாரித்து டிக்கெட் எடுங்கள். உயரம் குறைவு என்று டிராவல்ஸ்காரர் தயங்கினால், கோடநாட்டைச் சொல்லுங்கள்.